மணல் போச்சு, வேனிட்டி வந்தது, டும் டும் டும்

திருவனந்தபுரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது ஒரு புதுக் கவலை. குளியலறையில் வாஷ் பேசின், அதற்கு அடியில் ஒரு அலமாரி, மேலே ஒரு கல், கல்லுக்கு மேலே ஒரு கண்ணாடி. இந்த நான்கையும் ஒட்டுமொத்தமாக வேனிட்டி என்கிறார்கள் கடைக்காரர்கள். அதில் எந்தப் பாணியை எடுப்பது என்பதுதான் கவலை. தேக்கு நிறத்தில் கேரளப் பாணி உண்டு, பளபளவென்று துபாய் பாணி உண்டு. இப்போது கடையின் முகப்பில் எடுப்பாக நிற்பது ‘கோஸ்டல்’. வெள்ளை அடித்த கதவு, அதில் கப்பல் பலகைக்கு உள்ள கோடுகள், வெளிர்நீலச் சுவர், கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சங்கு, வட்டக் கண்ணாடியைச் சுற்றி முறுக்குக் கயிறு. அமெரிக்காவில் லாங் ஐலண்டின் கோடியில் ஹாம்ப்டன்ஸ் என்று சில ஊர்கள் இருக்கின்றன. நியூயார்க் பணக்காரர்கள் கோடைக்கு ஒதுங்கும் இடம். இந்தக் கோலத்துக்குத் தாய்வீடு அந்தப் பக்கம்தான்.

இதைக் கொண்டுவந்து விற்பது யாரிடம்? சங்குமுகத்தையும் வலியதுறையையும் பூந்துறையையும் கோவளத்தையும் விழிஞ்ஞத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிற ஊர்க்காரனிடம். ஒரு ஆட்டோ பிடித்தால் அரபிக்கடல். அவன் ஆட்டோவை விட்டுவிட்டு தவணையில் கடல் வாங்குகிறான்.

இதோடு நிறுத்தியிருந்தால் சும்மா சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த வேனிட்டியின் வம்சாவளியைத் தோண்டினால், கயிறு, வெள்ளை, பீங்கானின் மினுக்கு என்று ஒவ்வொன்றும் ஆலப்புழைக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவிலுள்ள இந்தக் கரையில்தான் வந்து முட்டுகிறது. அந்தக் கதையை என் போக்கில் சொல்கிறேன். சரித்திரப் பேராசிரியர்கள் கொஞ்ச நேரம் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

இந்த ஊரில் அசல் கடலோரக் குளியலறை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். ஸ்ரீபத்மநாபர். மார்த்தாண்ட வர்மா 1729இல் திருவிதாங்கூர்ப் பட்டத்துக்கு வந்து, அக்கம்பக்கத்து ராஜ்யங்களை எல்லாம் அடித்துச் சேர்த்து, சேர்த்த மொத்தத்தையும் 1750இல் பெருமாள் பேருக்கு எழுதிவைத்தார். தான் வெறும் தாசன் என்று அறிவித்துக்கொண்டார். பக்தி என்பார் உண்டு. சாமி சொத்தில் எவன் கைவைப்பான் என்ற கணக்கு என்பாரும் உண்டு. இரண்டும் ஒரே தலையில் இருந்திருக்கலாம், ராஜா தலை பெரியது. எப்படியானாலும், சட்டப்படி பார்த்தால் அதற்குப் பிறகு திருவிதாங்கூரில் குளித்தவர்கள் எல்லாம் பெருமாள் வீட்டுக் குடித்தனக்காரர்கள்.

வீட்டுக்காரர் வருஷத்துக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சங்குமுகத்துக்குக் குளிக்கப் போகிறார். ஆறாட்டு. அரச குடும்பத்தின் மூத்தவர் கையில் வாளோடு முன்னால் நடக்க, ஊர்வலம் கிழக்கே கோட்டையிலிருந்து நேர் மேற்கே கடலுக்கு. நடுவில் ஒரு சின்ன இடைஞ்சல்: 1932இல் வந்த விமான நிலையம். ஓடுபாதை குறுக்கே கிடக்கிறது. வேறு ஊராக இருந்தால் சாமியைச் சுற்றிப் போகச் சொல்லியிருப்பார்கள். இங்கே ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடி, விமானங்களை முன்னே பின்னே தள்ளிவைத்து, முன்கூட்டியே உலகத்து விமானிகளுக்கெல்லாம் அறிவிப்பும் கொடுத்துவிடுகிறார்கள். யானையும் தீவட்டியும் ஓடுபாதையைத் தாண்டிப் போகின்றன. குளியலறைக்குப் போகும் வழியில் ஏர்பஸ்ஸை நிறுத்திவைக்கிற செல்வாக்கு ஹாம்ப்டன்ஸில் எந்தக் கோடீஸ்வரனுக்கு இருக்கிறது?

மனிதர்களின் ஏற்பாடு எளிமையானது. வீட்டுக்கு ஒரு குளமோ கிணறோ. குளிப்பதற்கு எண்ணெய், இஞ்சைப் பட்டை, செம்பருத்தித் தாளி. வாசல் திண்ணையில் ஒரு கிண்டி நிறையத் தண்ணீர். வந்தவன் மூக்கு வழியாகச் சரித்து காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே ஏற வேண்டும். கவனியுங்கள், கால்! கடலோரத்து மண்ணும் மழைச் சேறும் ஒட்டுவது காலில்தான். வயிற்று உயரத்தில் ஒரு பீங்கான் தொட்டியைப் பதித்து, அதன்முன் நின்று தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு கழுவ வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறாது. கரமனை ஆற்று நீரை அருவிக்கரையில் மறித்து, குழாய் வழியாக நகரத்துக்குள் விட்டது 1933இல். திறந்துவைத்தவர் வைஸ்ராய் வில்லிங்டன், ஆகவே திட்டத்துக்கு அவர் பேர். ஆறு நம்முடையது, குழாய் நம் காசு, பேர் அவருடையது. இந்தப் பங்கீட்டு முறை இந்தக் கதையில் இன்னும் சில தடவை வரும்.

இனி மணலுக்கு வருவோம். 1741இல் டச்சுக்காரர்கள் குளச்சல் கடற்கரையில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது மிளகு. மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை நன்றாகக் கவனித்தது. அகப்பட்ட டச்சு அதிகாரி டி லன்னோய், போகப்போக அதே ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து ‘வலிய கப்பித்தான்’ ஆகி, உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகி, லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டோடு தூங்குகிறார். எதிராளி கம்பெனியில் இவ்வளவு நல்ல பதவி உயர்வு யாருக்கும் கிடைத்ததில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சண்டை முழுக்க ஒரு மணல்மேல் நடந்தது. குளச்சலுக்குப் பக்கத்திலேயே மணவாளக்குறிச்சி. கறுப்பும் செம்மையுமாக, வெயிலில் மின்னுகிற மணல். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் கால் தேய அதன்மேல் ஓடினார்கள். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்க ஒருவனுக்கும் நேரமில்லை. மிளகு மிளகு என்று அடித்துக்கொண்டு, அதைவிடப் பெரிய புதையலைக் காலில் மிதித்துவிட்டுப் போனார்கள்.

நூறு வருஷம் தாண்டி வந்தவர்களுக்குக் கயிறு வேண்டியிருந்தது. ஜேம்ஸ் டாரா என்ற அமெரிக்கர் 1859இல் ஆலப்புழையில் முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதற்குமுன் காயலில் மட்டையை ஊறப்போட்டு, அழுகவைத்து, அடித்து, பெண்கள் திரித்த கயிறு ஓடத்துக்கும் கூரை வேயவும் போய்க்கொண்டிருந்தது. பிறகு அது பாயாகவும் விரிப்பாகவும் கப்பலேறி, மேல்நாட்டு வாசல்படிகளில் துரைமார் பூட்ஸ் துடைக்கப் போய்ப் படுத்தது. நம் ஆள் கிண்டியில் காலைக் கழுவினான், துரை நம் தேங்காய் நாரில் காலைத் துடைத்தான். நாகரிகத்தின் இரண்டு கட்டங்கள் என்று யாராவது ஆய்வுக் கட்டுரை எழுதலாம்.

அந்தக் கயிற்றில் ஒட்டிக்கொண்டு போனது கொஞ்சம் மணல். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர், கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து போன நாரில் உதிர்ந்து கிடந்த மணலைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் சரக்கு சுத்தமில்லை என்று காசைக் குறைத்திருப்பார்கள். இவர் மணலைச் சோதித்தார். மோனசைட்! அதில் தோரியம் இருக்கிறது. தோரியம் எதற்கு என்றால், ‘வைதேகி காத்திருந்தாள்’ பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கவுண்டமணி பொத்திப் பாதுகாத்து, செந்தில் கசக்கி நாசம் பண்ணினாரே, பெட்ரோமாக்ஸ் மேண்டில், அதை அப்படிப் பிரகாசிக்க வைப்பது தோரியம்தான். மின்சாரம் பரவாத அன்றைய ஐரோப்பாவில் தெருவிளக்கும் வீட்டு விளக்கும் காஸில் எரிந்தன. மேண்டில் இல்லாவிட்டால் பெர்லின் இருட்டு.

ஷோம்பெர்க் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். அடுத்து சவரையிலும் ஒன்று. டச்சுக்காரன் குனியாத இடத்தில் ஜெர்மன்காரன் குனிந்தான். நிமிர்வதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. எதிரி நாட்டுக்காரன் என்று அவரை நகர்த்திவிட்டுத் தொழிலை லண்டன் கம்பெனிகள் வாங்கிக்கொண்டன. மணல் யாருடையது என்று கேட்கிறீர்களா? பெருமாளுடையது. முன்னமே எழுதிவைத்தாயிற்று. அவரிடம் யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

1936இல் திவானாக வந்தார் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர். சென்னை வக்கீல், நாக்கில் சரஸ்வதி, தலைப்பாகையில் கஞ்சி. தோரியம் இனிமேல் விளக்குக்கு மட்டுமல்ல, அணுசக்திக்கும் ஆகும் என்று உலகம் கிசுகிசுக்க ஆரம்பித்தது அவர் பதவிக்காலத்தில்தான். இந்தியா சுதந்திரம் வாங்கப்போகிறதா, சரி, திருவிதாங்கூரும் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளும் என்று 1947 ஜூனில் அறிவித்தார். அந்தத் தெம்புக்குப் பின்னால் கடற்கரை மணலும் இருந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஒரு மாதம் போனது. ஜூலை 25, சுவாதித் திருநாள் சங்கீத சபையில் கச்சேரி கேட்டுவிட்டு அவர் கிளம்புகிற நேரம், கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் அரிவாளோடு பாய்ந்தார். விளக்கு அணைந்தது, கன்னத்தில் வெட்டு, தனி நாடு மறுநாளிலிருந்தே மனசு மாறியது. சில நாளில் திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது. ஒரு தேசம் மணலில் எழும்பி மணலிலேயே சரிந்த கதை இவ்வளவுதான்.

ஆனால் தனி நாடு கேட்பதற்கு முந்தைய வருஷம், 1946இல், ஒரு உருப்படியான காரியம் நடந்திருந்தது. கொச்சுவேளிக் கடற்கரையில் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை. அந்த மணலில் மோனசைட் கொஞ்சம்தான், மிச்சக் கறுப்பு எல்லாம் இல்மனைட். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, சுட்டு எடுத்தால் வருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதைவிடக் கெட்டியாக மூடுகிற வெள்ளை நிறப்பொடி பெயின்ட் கடையில் இல்லை. கரிக்கறுப்பு மணலிலிருந்து கண்ணைப் பறிக்கும் வெள்ளை! சுவருக்கு அடிக்கிற வெள்ளை, பற்பசை வெள்ளை, வேனிட்டிக் கதவின் அந்த ‘கடற்கரை வெள்ளை’, எல்லாவற்றுக்கும் மூலம் இந்தக் கறுப்பு. அசல் கடற்கரையின் நிறத்தைக் கதவில் அடித்திருந்தால் ஒருத்தரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பேசினும் தப்பவில்லை. அதே மணலில் சிர்க்கான் என்று இன்னொன்று இருக்கிறது. பீங்கான் மேல்பூச்சில் அதை அரைத்துக் கலந்தால்தான் பூச்சு கண்ணாடியாகத் தெரியாமல் பால்வெள்ளையாக மூடும். பீங்கானுக்கு உடம்பாகும் சீனாக் களிமண்ணோ, திருவனந்தபுரத்துக்கு வடக்கே, மலையாளக் கவி குமாரன் ஆசான் குடியிருந்த தோன்னய்க்கலில் வெட்டி எடுத்த சமாச்சாரம். உதிர்ந்த பூவைப் பாடிய ஆசானின் ஊரில் நாம் வாஷ் பேசினுக்கு மண் எடுத்தோம்.

இன்றைக்குக் கடையில் இருக்கிற பெயின்டின் வெள்ளை சீனாவிலிருந்து வந்திருக்கலாம், சிர்க்கான் ஆஸ்திரேலிய மணலாக இருக்கலாம், அதற்காக நான் ரசீது கேட்டுச் சண்டைக்கு நிற்கப்போவதில்லை. வால் போய்க் கத்தி வாங்கி, கத்தி போய் வேறொன்று வாங்கிய குரங்கு கடைசியில் மேளமாவது அடித்தது. நாம் கயிறு கொடுத்தோம், மணல் கொடுத்தோம், வெள்ளை கொடுத்தோம். கடைசியில் பெட்டியில் அடைத்துத் திரும்பி வந்ததற்கு ஜி.எஸ்.டி.யும் கட்டுகிறோம்.

கண்ணாடி பாக்கி இருக்கிறது. கண்ணாடி விஷயத்தில் இந்தச் சீமை உலகத்துக்கே முன்னோடி என்பேன், அதுவும் கடலோடு சேர்த்து. 1833இல் திருச்செந்தூர்க் கடலுக்குள் போய் மூன்றாம் நாள் வெளிவந்தார் அய்யா வைகுண்டர் என்பது அவர் அடியார்களின் நம்பிக்கை. சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து இறைத்துக் குளிக்க முத்திரிக் கிணறு வெட்டினார். நிழல் தாங்கல்களில் சிலைக்குப் பதில் நிலைக்கண்ணாடி வைத்தார். தலைப்பாகை கட்டக் கூடாது என்று விதிக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகையோடு அதன்முன் வந்து நிற்கச் சொன்னார். தண்ணீர், கண்ணாடி, நிமிர்ந்த தலை. இந்தச் சாமானுக்கு விலைச்சீட்டு ஒட்டத் தெரியாத சுவாதித் திருநாளின் அரசாங்கம் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. ராஜா அருமையான கீர்த்தனைகள் எழுதியவர்தான். காது நன்றாக இருந்தது, கண்ணாடி பார்க்கத்தான் பயம்.

அதற்குப் பிறகு நாராயண குரு. திருவனந்தபுரத்தை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்தவர். 1927இல் சேர்த்தலைப் பக்கம் களவங்கோடத்தில் பிரதிஷ்டைக்கு அழைத்தபோது அவர் நிறுவியது ஒரு கண்ணாடியை. பின்பக்கத்து ரசத்தைச் சுரண்டி ‘ஓம் சாந்தி’ என்று எழுத்துத் தெரியும்படி செய்த கண்ணாடி. அதாவது இந்தக் கரையில் கண்ணாடிமுன் நிற்பதற்கே தனி வரலாறு இருக்கிறது. நாம் அதன்முன் நின்று பருவைப் பார்க்கிறோம்.

வாங்குவதென்றால் ஆரன்முளைக் கண்ணாடியைப் பாருங்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள் கணக்கில் தேய்த்து எடுப்பது. கண்ணாடியே கிடையாது, உலோகம். சங்கரன்கோவிலிலிருந்து போன எட்டுக் குடும்பங்களின் கைவேலை என்று அங்கே சொல்கிறார்கள், ஆகவே நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். நகத்தின் நுனியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் நகத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவில் கண்ணாடித் தடிமனளவு இடைவெளி தெரியும். இதில் நகமும் நகமும் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் குளியலறையில் மாட்டிவிடாதீர்கள். ஈரக் கை பட்டால் களிம்பு ஏறும், விலை நினைத்து நெஞ்சடைக்கும்.

அசல் கடலோரத்தில் குடியிருப்பவர்கள் என்ன பாணி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது மரியாதை. 1970களில் லாரி பேக்கர் பூந்துறை மீனவர்களுக்கு வீடு கட்டினார். பர்மிங்காமில் பிறந்து, நாலாஞ்சிறையில் குடியேறி, செங்கல்லை ஓட்டை ஓட்டையாக அடுக்கிக் காற்றை வீட்டுக்குள் கூப்பிட்ட மனிதர். கடலோரத்துக்குப் பாணி வேண்டும் என்றால் அதுதான் பாணி: காற்று வரணும், ஈரம் காயணும், காசு குறையணும். அது விளம்பரத்துக்கு ஆகாது. பிறகு கடல் கரையை அரித்தது. வலியதுறையில் வீடு இழந்த குடும்பங்கள் வருஷக்கணக்கில் சிமென்ட் கிடங்குக்குள் தட்டி கட்டிக் குடித்தனம் செய்தன. பொதுக் கழிப்பறை, குடத்தோடு வரிசை. அலைச் சத்தம் இலவசம். 2021 பிப்ரவரியில் டைட்டானியம் ஆலையின் உலை எண்ணெய் கசிந்து வேளிக் கரை கறுத்தபோது வலையைக் கழுவியதும் அவர்கள்தான். நமக்குக் கதவில் வெள்ளை, அவர்களுக்குக் கரையில் கறுப்பு.

சரி, இவ்வளவுக்கும் பிறகும் கோஸ்டல்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு. வீட்டு வேலைக்கு நாகர்கோவில் பக்கத்து ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அவர் சங்கையும் கயிற்றையும் பார்க்க மாட்டார். கதவைத் திறந்து, பேசின் குழாய் இறங்குகிற ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவுவார். பெயின்ட் படாத அந்த வெட்டில்தான் பலகையின் ஜாதகம் இருக்கிறது.

“அண்ணாச்சி, இது எம்.டி.எஃப். தண்ணி குடிச்சா ரஸ்க் ஊதுறாப்புல ஊதிரும். ரெண்டு மழைக்கு நிக்காது.”

“வெள்ளையா அழகா இருக்கே, மேஸ்திரி?”

“வெள்ளை மேலதானே அண்ணாச்சி இருக்கு.”

அவர் பேச்சைக் கேளுங்கள். மரம் என்றால் ஓடம் கட்டுகிற அயினி, இல்லையென்றால் தேக்கு. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட், 303 போட்டதைத் தலையில் கட்டப்பார்ப்பார்கள். அதுவும் கட்டாதென்றால் பி.வி.சி. பலகை, அழகு கம்மி, ஆயுசு கெட்டி. மேல்கல்லுக்குக் கிரானைட் போதும். பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைச் சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்துப் பூசினார்கள் என்பார்கள், முகம் பார்க்கலாம், ஆனால் இன்றைக்கு முட்டை விற்கிற விலையில் அதைக் கேட்டு ஆசாரியை நோகடிக்க வேண்டாம். கண்ணாடி ஓரம் உப்புக் காற்றில் கறுக்கும், ஓரம் அடைத்ததை வாங்குங்கள். கயிறு தேவை என்றால் சாலைக் கடைத்தெருவில் முழம் போட்டு வாங்கிச் சுற்றிக்கொள்ளுங்கள், ஹாம்ப்டன்ஸிலும் அதே நார்தான். கீலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஸ்டீல் என்று பொதுவாகச் சொல்லி 304ஐ நீட்டுவார்கள். சங்குமுகத்துக் காற்று அடிக்கிற வீட்டுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.